மாற்றாந்தந்தையின் மைப்பேனாவைப் பேணும் முறை

தாயின் மறுமணத்தின் வழியே நமக்கு அப்பாவாக வந்து, பள்ளிக் கட்டணம் கட்டி, மதிப்பெண் அட்டையில் கையெழுத்திட்டு வளர்த்தவர் மறைந்த பின், அவருடைய மைப்பேனா நம் கைக்கு வந்தால், அதைத் துடைப்பதற்கு முன்பே நாற்புறமும் படம் எடுத்துவிடுங்கள். மூடியில் உள்ள பல் தடமும் கீறலும் அவருடையவை. சுத்தம் செய்யும் ஆர்வத்தில் முதலில் அழிவது அவைதாம்.

பழைய பேனாக்களில் பல எபொனைட்டால் ஆனவை. கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பரான இது, வெயிலிலும் வெந்நீரிலும் கருமை இழந்து பழுப்பேறும். ஆகவே உள்ளே காய்ந்த மையைக் கரைக்க, நிப்பு உள்ள முன்பகுதியை மட்டும் அறை வெப்பத்தில் இருக்கும் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீர் தெளியும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். ஸ்பிரிட் வேண்டாம். மரை இறுகியிருந்தால் குறடு போடாமல், மறுநாளும் பொறுமையாக ஊறவையுங்கள்.

எல்லாவற்றையும்விடக் கவனம் தேவைப்படுவது நிப்புக்குத்தான். பல ஆண்டுகள் ஒருவரே எழுதிய நிப்பின் முனை, அவர் பேனாவைச் சாய்த்துப் பிடித்த கோணத்துக்கு ஏற்பத் தேய்ந்திருக்கும். நம் கையில் அது கீறுவதற்குக் காரணமும் பெரும்பாலும் இதுவே. சென்னை பாரிமுனைப் பக்கம் உள்ள பேனாக் கடைகளில் பழுது பார்க்கக் கொடுத்தால், நிப்பைத் தேய்க்கவோ மாற்றவோ வேண்டாம், பாலிஷும் போட வேண்டாம் என்று முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நன்றாக எழுதும் பேனா வேண்டுமென்றால் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம். அவர் கைப்பழக்கம் பதிந்த முனை வேறெங்கும் கிடைக்காது. எழுதிப் பார்க்க விரும்பினால் சாதாரண நீல மையே போதும். அரக்குக் கலந்த இந்தியன் இங்க்கை ஊற்றினால், நிப்புக்கு அடியில் மையைக் கொண்டுவரும் நாக்கு அடைத்துக்கொள்ளும்.

சென்னையின் ஈரக்காற்றில் கிளிப்பு துருப்பிடிக்கும் என்பதால், மையில்லாமல் உலர்த்தி, பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் ஒரு டப்பாவில் வையுங்கள். வெள்ளிக் குங்குமச்சிமிழோடு சேர்த்து வைக்கக் கூடாது. எபொனைட்டிலிருந்து கசியும் கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட ஊரில், கீழ்த்தட்டு எந்த நினைவுப்பொருளுக்கும் உகந்த இடமன்று. அவர் கையெழுத்திட்ட மதிப்பெண் அட்டை கிடைத்தால், ஸ்கேன் செய்துகொண்டு அதையும் பத்திரப்படுத்துங்கள். லேமினேஷன் செய்தால் பிறகு பிரிக்கவே முடியாது.

அவருக்கு முதல் மணத்தில் பிறந்த பிள்ளைகள் இருந்தால், பேனா உங்களிடம் இருப்பதை அவர்களிடம் சொல்லுங்கள். அவர்களும் அதைத் தேடிக்கொண்டிருக்கலாம்; அவர்கள் கேட்டால் கொடுப்பதே முறை என்பது என் எண்ணம்.

இறுதியாக, டப்பாவுக்குள் ஒரு குறிப்பு அவசியம். நம்மில் பலருடைய இனிஷியல் பெற்ற தந்தையின் பெயரிலேயே நின்றுவிடுவதால், பேனாவில் பொறித்த பெயருக்கும் நமக்கும் என்ன உறவு என்று பேரப்பிள்ளைகளுக்குத் தெரிய வழியில்லை. அவருடைய முழுப்பெயர், ஊர், பார்த்த வேலை, எந்த ஆண்டில் நம் வீட்டுக்கு வந்தார், நாம் அவரை எப்படி அழைத்தோம், இந்தப் பேனாவால் எதையெல்லாம் எழுதினார் என்பவற்றைப் பென்சிலால் எழுதி, ஒரு படியைக் குடும்பப் பத்திரங்களோடும் வைத்துவிடுங்கள்.