மேய்ச்சல் முட்டைக்கோழிக்கு எரிசக்திக் கணக்கு: திருநெல்வேலிச் சீமைக்கு ஒரு வழிமுறை

காலையில் பஞ்சாரத்தைத் தூக்கியதும் ஒரு கை கம்பு, பொழுது அடையும்போது ஒரு கை குருணை என்று தீனி போடுவதே நம் ஊர்களின் வழக்கம். நான்கைந்து கோழிகளுக்கு அது போதும். முப்பது, நாற்பது என்று பெருகிய பிறகு கைக்கணக்கு காலை வாரிவிடுகிறது. முதல் ஆண்டில் நான் தாராளமாகவே இறைத்தேன். கோழிகள் கொழுத்தனவே ஒழிய முட்டை கூடவில்லை, ஒன்றை அறுத்தபோது வயிற்றில் கை கொள்ளாத மஞ்சள் கொழுப்பு இருந்தது. அதன் பிறகுதான் தராசும் நோட்டுமாக உட்கார்ந்தேன்.

அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கழகம் 1994-இல் வெளியிட்ட கோழி உணவுத் தேவை நூலில் உள்ள சூத்திரம் இதற்கு நல்ல அடிப்படை. ஒரு கோழிக்கு ஒரு நாளைக்கு, எச்சத்தில் கழிவது போக உடலுக்குப் பயன்படும் எரிசக்தியை அது கிலோகலோரியில் தருகிறது. அதில் மூன்று பகுதிகள் உண்டு. உடலைத் தக்கவைக்கும் பகுதிக்கு, கிலோவில் எடையின் முக்கால் அடுக்கை, 173-இலிருந்து வெப்பநிலையின் 1.95 மடங்கைக் கழித்த மீதியால் பெருக்க வேண்டும். எடை கூடும் ஒவ்வொரு கிராமுக்கும் 5.5, முட்டையின் ஒவ்வொரு கிராமுக்கும் 2.07 சேர்க்க வேண்டும்.

முக்கால் அடுக்கு என்றதும் மலைக்க வேண்டாம். கைப்பேசிக் கால்குலேட்டரில் 1.5 என்று போட்டு வர்க்கமூலக் குறியை ஒருமுறை தட்டினால் 1.225 வரும், மறுமுறை தட்டினால் 1.107 வரும், இரண்டையும் பெருக்கினால் கிடைக்கும் 1.355தான் ஒன்றரைக் கிலோ கோழிக்கு உரிய எண். எடையைக் காலையில் பஞ்சாரம் திறக்கும் முன்பே, துணிப்பையில் இட்டு ஸ்பிரிங் தராசில் பார்க்க வேண்டும்; மாலையில் இரைப்பை நிறைந்திருப்பதால் எடை பொய் சொல்லும். பத்துக் கோழிகளின் சராசரி போதும்.

நம் பக்கத்துச் சராசரி வெப்பநிலையை 30 பாகை என்று கொண்டால், 173-இல் 58.5 போக 114.5, அதை 1.355-ஆல் பெருக்க 155 கிலோகலோரி. நாட்டுக்கோழி முட்டை ஒன்று 42 கிராம் என்றால் அதற்கு 87. ஒன்றுவிட்டு ஒரு நாள் இட்டால் நாளுக்கு 43 அல்லது 44. ஆக 199. ஆனால் வயல் வரப்பிலும் உடைமரத்தடியிலும் நாள் முழுவதும் கிளறி அலைவதற்கு இந்தச் சூத்திரத்தில் தனி இடம் இல்லை. தக்கவைப்புப் பகுதியில் நூற்றுக்கு 15 கூட்டுவது என் பழக்கம். வீட்டைச் சுற்றி மட்டும் மேய்ந்தால் 10 போதும். அப்படிக் கூட்டினால் 222 கிலோகலோரி ஆகிறது.

மார்கழிக் குளிருக்கு 25 பாகை என்று வைத்துப் பார்த்தாலும் கூடுவது 13 கிலோகலோரிதான். கீழே சொல்லும் கலவைத் தீவனத்தில் அது 5 கிராம். முட்டை நின்றால் குறைவதோ 43. எனவே நம் சீமையில் பருவத்தைவிட, கோழி இடுகிறதா, அடை கிடக்கிறதா என்பதே கணக்கை ஆட்டிவைக்கிறது. பத்துப் பதினைந்து முட்டையிட்டு அடையில் அமரும் நாட்டுக்கோழிக்கு ஆண்டுச் சராசரி போட்டால், இடும்போது பட்டினியும் ஓயும்போது கொழுப்பும்தான் மிஞ்சும். அடைக்கோழி தானாகவே இரையைக் குறைத்து எடை இழக்கும். அது இயல்பு, வற்புறுத்தித் தீனி வைக்க வேண்டியதில்லை. கத்திரி வெயிலில் 38 என்று சூத்திரத்தில் போட்டுத் தீனியைக் குறைப்பதும் தவறு. வாய் பிளந்து மூச்சிரைப்பதற்கே கோழி சக்தியைச் செலவழிக்கிறது. அந்நாட்களில் விடியலிலும் பொழுது சாய்ந்த பிறகும் தீனி வைத்தால்தான் தின்னும்.

இனி, மேய்ச்சல் எவ்வளவு தருகிறது என்பது. புழுவையும் புல்லையும் எண்ணிப் பார்க்க முடியாது. ஆனால் கணக்கைத் திருப்பிப் போட முடியும். 5 கிலோ மக்காச்சோளம், 2 கிலோ கடலைப் புண்ணாக்கு, 3 கிலோ எண்ணெய் எடுத்த தவிடு கலந்தால், அவற்றின் எரிசக்தியைக் கிலோவுக்கு ஏறத்தாழ 3,300, 2,500, 1,900 என்று கொண்டு, கலவைக்குச் சுமார் 2,700 வரும். முப்பது கோழிகளுக்கு நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ வைத்தால் தலைக்கு 50 கிராம், அதாவது 135 கிலோகலோரி. பதினைந்து நாளில் எடையும் முட்டையும் மாறாதிருந்தால், மீதி 87 மேய்ச்சலில் கிடைத்தது என்று பொருள். மாறாக எடை 60 கிராம் இறங்கியிருந்தால், நாளுக்கு 4 கிராம், அதை 5.5-ஆல் பெருக்க 22 கிலோகலோரி குறைகிறது. தலைக்கு 8 கிராம், மொத்தம் 240 கிராம் தீவனம் கூட்ட வேண்டும்.

பிசானப் பருவ நெல் அறுப்பு முடிந்த தாளடியில் சிந்திய நெல் கிடக்கும்போது இந்த மேய்ச்சல் பங்கு ஏறும். ஐப்பசி மழையில் ஈசல் கிளம்பும் நாட்களில் கோழிகள் மாலைத் தீனியைச் சீந்துவதில்லை. சித்திரையில் குளமும் வயலும் காய்ந்தால் பங்கு சரியும். ஆகவே ஒருமுறை போட்ட கணக்கை ஆண்டு முழுவதும் நம்பக்கூடாது.

தவிடு வாங்கும்போது உமி கலந்திருக்கிறதா என்று உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். உமியில் கோழிக்குப் பயன்படும் சக்தி அநேகமாக இல்லை என்பதால் மேற்சொன்ன எண்களே கெட்டுவிடும். எரிசக்தி நிறைவதற்காகத் தானியத்தை மட்டும் குவிப்பதும் கூடாது. சக்தி நிரம்பியதும் கோழி தின்பதை நிறுத்திக்கொள்வதால் புரதம் குறைந்து முட்டை சிறுக்கும். முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து தரும் கிளிஞ்சலைத் தனிச் சட்டியில் வைத்துவிட்டால், வேண்டியதை அதுவே கொத்திக்கொள்ளும்.

எடை பார்க்கும் அன்றே நெஞ்செலும்பையும் விரலால் தடவிப் பாருங்கள். கத்தி விளிம்புபோல் துருத்தினால், தராசு என்ன சொன்னாலும் அந்தக் கோழிக்குத் தீனி போதவில்லை. எலும்பே தட்டுப்படாமல் சதை மூடியிருந்தால், அதைக் கூட்டத்திலிருந்து பிரித்துக் காலைத் தீனியை நிறுத்தி மேய்ச்சலுக்கு மட்டும் விடுங்கள்.