மூதூர் அடங்கும், திருகோணமலை அடங்காது: தரவுத்தளம் மாறும்போது நேரும் தவறுகள்

நிலாவெளியில் ஒரு விருந்தினர் விடுதிக்கு முன்பதிவு மென்பொருள் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே கணினி என்பதால் எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தளம் போதும். அடுத்த ஆண்டு அதையே கேட்கும் பெரிய ஹோட்டலில் ஆரக்கிள் என்ற வேறொரு தரவுத்தளம் இருக்கலாம். தரவுத்தளங்களுக்குக் கட்டளை தரும் மொழியான எஸ்கியூஎல் எங்கும் ஒன்றுதானே என்று நம்பி இருப்பதுதான் முதல் தவறு.

ஊர்ப் பெயருக்கு நீளம் 20 என்று கொடுத்திருப்பீர்கள். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் ஆகிய தரவுத்தளங்களில் அது 20 குறியீடுகள், அதாவது கணினி தனித்தனியாக எண்ணும் எழுத்துக் கூறுகள். ஆரக்கிளிலோ, வேறு விதமாக அறிவிக்காவிட்டால், 20 பைட், அதாவது சேமிப்பிட அலகு. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேண்டும்; அரவு, கொம்பு, குற்று எல்லாம் தனித்தனிக் குறியீடுகள். 'மூதூர்' கண்ணுக்கு 3 எழுத்து, கணினிக்கு 6 குறியீடு, 18 பைட், அடங்கிவிடும். 'திருகோணமலை' 6 எழுத்து, 10 குறியீடு, 30 பைட், ஆரக்கிள் ஏற்காது. எஸ்கியூலைட் இந்த நீள வரம்பைக் கண்டுகொள்வதே இல்லை. ஆகவே உங்கள் கணினியில் இந்தத் தவறு ஒருநாளும் வெளிப்படாது. நீளத்தைக் குறியீட்டுக் கணக்கில் வெளிப்படையாக அறிவியுங்கள். மைஎஸ்கியூஎல்லின் பழைய 3 பைட் 'யூடிஎஃப்8' தமிழுக்குப் போதும், விருந்தினர் குறிப்பில் வரும் ஈமோஜிக்குப் போதாது, 4 பைட் வரை ஏற்கும் 'யூடிஎஃப்8எம்பி4' வேண்டும்.

இது பிழைச் செய்தியாவது தரும். எனக்கு அதிக அச்சம் தருவது சத்தமின்றி மாறும் பொருள்தான். தொலைபேசி எண் தராத விருந்தினருக்கு வெற்றுச் சரத்தை, அதாவது ஓர் எழுத்தும் இல்லாத உரையை, சேமித்தால், ஆரக்கிள் அதை 'நல்', அதாவது மதிப்பே இல்லாத நிலை, என்றே கொள்ளும். பிறகு வெற்றுச் சரத்துக்குச் சமமானவற்றைத் தேடினால் ஒரு வரிகூட வராது, பிழையும் வராது. இல்லாத எண்ணை எல்லா இடத்திலும் 'நல்' ஆகவே வையுங்கள். அந்த 'நல்' ஏறுவரிசையில் போஸ்ட்கிரெஸிலும் ஆரக்கிளிலும் கடைசியில் வரும், மைஎஸ்கியூஎல்லிலும் எஸ்கியூலைட்டிலும் முதலில் வரும். ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டையும் மைஎஸ்கியூஎல் இயல்பாகப் பொருட்படுத்தாது, போஸ்ட்கிரெஸ் பொருட்படுத்தும்.

நிரலுக்கும் தரவுத்தளத்துக்கும் இடையே நின்று எஸ்கியூஎல்லை எழுதித் தரும் ஓஆர்எம் நூலகம் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள். அது தொடரியலை மாற்றித் தரும், இந்தப் பொருள் வேறுபாடுகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதற்காக ஒரு தரவுத்தளத்தின் நல்ல வசதிகளை எல்லாம் கைவிடுவதும் வீண் இழப்பு. அவற்றைத் தொடும் நிரல்களை ஒரே அடுக்கில் ஒதுக்கி வைத்தால் போதும்.

எஸ்கியூலைட்டில் மட்டும் சோதித்துவிட்டு வேறொன்றில் நிறுவாதீர்கள். வாடிக்கையாளர் பயன்படுத்தப்போகும் ஒவ்வொரு தரவுத்தளத்திலும் அதே சோதனைகளை ஓட்டுங்கள். சோதனைத் தரவின் முதல் வரியில் ஊர் திருகோணமலை ஆகவும், தொலைபேசி எண் இல்லாமலும் இருக்கட்டும்.