சில நிமிடமே மின்னும் எக்ஸ் கதிர் வெடிப்புகளைச் சந்திராவின் பழைய தரவில் தேடுவது எப்படி

எக்ஸ் கதிர் வெடிப்பைத் தேட உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் படத்தைத் திறக்கிறார்கள். வேண்டாம். நாசாவின் எக்ஸ் கதிர் விண்தொலைநோக்கியான சந்திரா ஒரே இடத்தைப் பல மணி நேரம் பார்த்துச் சேர்த்த வெளிச்சம் எல்லாம் அந்தப் படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும்; ஐந்து நிமிடத்தில் எரிந்து அணைந்ததும் சரி, நாள் முழுக்க மங்கலாக எரிந்ததும் சரி, ஒரே மாதிரி சின்னப் புள்ளியாகத்தான் தெரியும். 2015 மார்ச்சில் சந்திரா பதிவு செய்த எக்ஸ்டி2 என்ற வெடிப்பு சுமார் 660 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து வந்தது, இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதன் விளைவாக இருக்கலாம் என்கிறார்கள். அது தரவுக்குள்ளேயே இருந்து, 2019இல்தான் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது.

பார்க்க வேண்டியது நேரத்தை. எக்ஸ் கதிர் ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், அரிதாகவே வருவதால், ஒவ்வொன்றும் எப்போது வந்தது, எங்கே விழுந்தது, எவ்வளவு ஆற்றல் என்று தனித்தனியாகக் குறிக்கப்படுகிறது. இந்தப் பட்டியல் சந்திரா காப்பகத்தில் இலவசமாகக் கிடைக்கும். படிக்கச் சியாவோ என்ற மென்பொருள், அதுவும் இலவசம். சந்திராவின் ஏசிஸ் கேமரா வழக்கமாக 3.2 விநாடிக்கு ஒருமுறைதான் வாசிக்கும், அதனால் அதைவிடக் குறுகிய வெடிப்புகளின் ஏற்ற இறக்கத்தை இதில் பிரித்துப் பார்க்க முடியாது.

முதலில் 0.5 முதல் 7 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை ஆற்றல் உள்ள ஃபோட்டான்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேலே பின்னணி இரைச்சல்தான் அதிகம். சியாவோவில் உள்ள வேவ்டிடெக்ட் கருவியால் புள்ளிகளைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு சின்ன வட்டம் போட்டு, உள்ளே விழுந்த ஃபோட்டான்களை நேர வரிசையில் எண்ணுங்கள். மங்கலான புள்ளிகளைத் தள்ளிவிடாதீர்கள், நாம் தேடுவது அங்கேதான் ஒளிந்திருக்கும்.

இங்கே கொஞ்சம் கணக்கு. 50,000 விநாடி நீளமான ஒரு பதிவில், உங்கள் வட்டத்துக்குள் மொத்தம் 10 பின்னணி ஃபோட்டான் விழும் என்று வைப்போம். 500 விநாடித் துண்டுகளாக வெட்டினால் துண்டுக்குச் சராசரி 0.1. ஒரு துண்டில் 5 ஃபோட்டான் தற்செயலாக வர வாய்ப்பு, அரிய நிகழ்வுகளின் தற்செயலை அளக்கும் பாய்சான் கணக்குப்படி, ஒரு கோடியில் ஒன்றுக்கும் குறைவு. உடனே குதித்துவிட வேண்டாம்! பதிவுக்கு 100 துண்டு, 100 புள்ளி, அப்படி 1,000 பதிவு என்று தேடினால் நீங்கள் பார்த்த துண்டுகள் மொத்தம் ஒரு கோடி, ஆக அப்படி ஒன்று சும்மாவே வந்து நிற்கலாம். எத்தனை இடத்தில் தேடினோம் என்பதையும் பெருக்கிப் பார்த்த பிறகே எந்த முடிவுக்கும் வர வேண்டும்.

அப்புறம் போலிகள். இந்த வேலையில் பெரும்பகுதி நேரம் இதற்குத்தான் போகும், போகவும் வேண்டும். விண்வெளியிலிருந்து வேகமாக வரும் மின்னூட்டத் துகளான காஸ்மிக் கதிர் ஒன்று கேமராவின் சிப்பில் மோதினால், அது விட்டுச்சென்ற மின்னூட்டம் அடுத்தடுத்த வாசிப்புகளில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவந்து, அச்சு அசலாக ஒரு வெடிப்பு மாதிரியே தோன்றும். இதைப் பிடிக்க அருமையான வழி சந்திராவிலேயே இருக்கிறது. தொலைநோக்கி வேண்டுமென்றே மெல்ல ஆடிக்கொண்டே பார்க்கும், ஒரு திசையில் சுமார் 1,000 விநாடிக்கும் மறு திசையில் சுமார் 707 விநாடிக்கும் ஒரு சுற்றாக. அதனால் வானிலிருந்து வந்த ஃபோட்டான்கள் சிப்பில் பல பிக்சல்களில் பரவியிருக்கும், காஸ்மிக் கதிரின் மிச்சமோ ஒரே பிக்சலில் குவிந்திருக்கும். வான ஆயத்தொலைவை விட்டுவிட்டு சிப் ஆயத்தொலைவில் அந்த ஃபோட்டான்களை வரைந்து பாருங்கள், ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இதே ஆட்டத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு: சிப்பின் ஓரத்தில் இருக்கும் புள்ளி உள்ளே வெளியே போய்வருவதால் ஏறி இறங்குவதுபோல் காட்டும், அதனால் 707, 1,000 விநாடி தாளத்தில் வரும் எதையும் நம்பாதீர்கள்.

இதையெல்லாம் தாண்டி வருவது நிஜமான வெடிப்புதான், ஆனால் பெரும்பாலும் நம் பால்வீதியிலேயே இருக்கும் சின்னச் சிவப்புக் குள்ள விண்மீனின் சீற்றமாக இருக்கும். அந்த இடத்தை கையா, 2மாஸ் என்ற விண்மீன் பட்டியல்களில் தேடுங்கள், 2மாஸ் அகச்சிவப்பில் எடுத்தது. அகச்சிவப்பில் பிரகாசமான விண்மீன் அங்கே இருந்தால் விட்டுவிடலாம், மங்கலான விண்மீன் மண்டலம் இருந்தால் உட்கார்ந்து கவனிக்க வேண்டும். 2008 ஜனவரி 9 அன்று என்ஜிசி 2770 என்ற விண்மீன் மண்டலத்தில் வேறொரு சூப்பர்நோவாவை (விண்மீன் வெடிப்பை) ஸ்விஃப்ட் விண்தொலைநோக்கி பார்த்துக்கொண்டிருந்தபோது, அதே மண்டலத்தில் இன்னொரு விண்மீன் வெடித்துச் சில நிமிட எக்ஸ் கதிர் மின்னலைக் காட்டியது. வானியலாளர் அலிசியா சோடர்பெர்க்கின் குழு உடனே மற்ற தொலைநோக்கிகளைத் திருப்பியதால்தான் அது எஸ்என் 2008டி என்ற சூப்பர்நோவா என்று அடையாளம் உறுதியானது.

பழைய தரவில் அந்த அவசரத்துக்கு வழியில்லை. உடனுக்குடன் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் 2024 ஜனவரி 9 அன்று சீனா ஏவிய ஐன்ஸ்டீன் புரோப் என்ற எக்ஸ் கதிர் செயற்கைக்கோளைப் பின்தொடரலாம், அதன் அகலக்கோணத் தொலைநோக்கி ஒரே நேரத்தில் சுமார் 3,600 சதுர பாகை வானத்தைப் பார்க்கிறது, அதன் கண்டுபிடிப்புகளை, வானியலாளர்கள் புதிய வெடிப்புகளைப் பகிரும் ஜிசிஎன் அறிவிப்புகளில் யாரும் படிக்கலாம். பழைய தரவில் உங்களுக்கு ஒன்று தேறினால், அதே இடத்தை எக்ஸ்எம்எம் நியூட்டன் என்ற இன்னொரு எக்ஸ் கதிர் விண்தொலைநோக்கியும் ஸ்விஃப்டும் வேறு தேதிகளில் பார்த்திருக்கின்றனவா என்று தேடி, அங்கே எதுவும் இல்லை என்பதையும் சேர்த்து, ஃபோட்டான் பட்டியலோடு ஒரு எக்ஸ் கதிர் ஆய்வுக் குழுவுக்கு எழுதுங்கள்.