வெந்நீர் பிரஷர் வாஷர் எவ்வளவு டீசல் குடிக்கும்?

காரைக்குடிப் பக்கம் மெஸ் அடுப்படியில் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவ வெந்நீர் பிரஷர் வாஷர் வாங்குகிறவர்கள் மெஷின் விலையைத்தான் பேரம் பேசுகிறார்கள், தண்ணீரைச் சூடாக்கும் பர்னர் குடிக்கிற டீசல் கணக்கைப் பார்ப்பதில்லை. நிமிடத்துக்கு 10 லிட்டர் தண்ணீர் என்றால் மணிக்கு 600. அதை 30 டிகிரியிலிருந்து 80-க்கு ஏற்ற 30,000 கிலோகலோரி வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 8,600 இருக்கிறது, புகையோடு போவது போக 7,300 தேறும் என்று வையுங்கள், ஆக மணிக்கு 4 லிட்டருக்கு மேல். பம்புக்கு கரண்ட் தனி. 60 டிகிரி போதுமென்றால் இரண்டரை லிட்டர்தான்!

முற்றத்து மண்ணுக்கெல்லாம் பர்னர் எதற்கு, பச்சைத் தண்ணீரே போதும். ஆத்தங்குடிக் கல், சுண்ணாம்புச் சுவர் பக்கம் மட்டும் தண்ணீர் பீய்ச்சும் துப்பாக்கியை நீட்டிவிடாதீர்கள். அப்புறம், போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வெந்நீர்ப் பானை அடியில் படிகிற அதே வெள்ளை உப்பு, மெஷினுக்குள் தண்ணீர் சூடாகிற சுருள் குழாயிலும் ஏறும், சூடு பிடிக்காமல் டீசல் கூடும். கரும்புகை வந்தால் பர்னர் நாசிலைப் பார்க்கச் சொல்லுங்கள், அது எரியாமல் போகிற டீசல்.