பெரும்பாயை எளிதாக ஏற்ற, இறக்க, மடித்துக் கட்ட

சிங்கப்பூரைச் சுற்றிப் பாய்ப்படகு ஓட்டுவோருக்கு, பாய்மரத்தின் பின்புறம் ஏறும் முதன்மைப் பாயான பெரும்பாயை ஏற்றும் வேகத்தைவிட இறக்கும் வேகமே முக்கியம். ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில் மேற்கிலிருந்து வரும் சுமத்ரா சூறைக்காற்று, பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலைப்பொழுதிலோ, மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசக்கூடியது. லாசரஸ் தீவுப் பக்கம் பாய் விரித்திருக்கும் ஒருவர், மேற்கு வானம் கறுத்த பிறகு, பாய்மரத்தின் நடுவில் சிக்கிக்கொண்ட பாயோடு போராட முடியாது. ஆகவே படகில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும், பாய் தானாக விழுவதற்கு அது உதவுமா என்ற கேள்வியை வைத்தே எடைபோட வேண்டும்.

ஏற்றுவது கடினமாகிவிட்டால் பலர் உடனே, கயிற்றைச் சுற்றி இழுக்கும் மின்வின்ச்சின் விலையை விசாரிக்கத் தொடங்குகிறார்கள். அது கடைசியாகச் செய்ய வேண்டிய செலவு. உழைப்பில் பெரும்பகுதியைத் தின்பது பாயின் எடையன்று, உராய்வு. வின்ச் அந்த உராய்வை நீக்காது, மறைத்துவிடும். சிக்கிய இடம் கைக்குத் தெரியாததால் பாய் கிழியவும் கூடும். உராய்வு எங்கே என்று கண்டறிய ஓர் எளிய சோதனை உண்டு. பாய் கீழே இருக்கும்போது, அதை ஏற்றும் ஆஞ்சான் கயிற்றைப் பாயின் தலையிலிருந்து கழற்றி, அதன் முனையில் நீளமான மெல்லிய கயிறு ஒன்றை உறுதியாகக் கட்டிக்கொண்டு, ஆஞ்சானை மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். மெல்லிய கயிறு அவிழ்ந்தால் ஆஞ்சானின் முனை பாய்மரத்தின் உச்சிக்கே போய்விடும், எனவே முடிச்சில் கவனம் தேவை. வெறும் கயிறே கனமாக ஓடினால் குறை உச்சிக் கப்பியிலோ, தளத்தில் கயிறு திரும்பும் கப்பிகளிலோ இருக்கிறது. இலகுவாக ஓடினால் குறை, பாயின் முன்விளிம்பு ஏறி இறங்கும் பாய்மரத்தின் தடத்தில் இருக்கிறது.

பெரும்பாலும் தடத்தில்தான் இருக்கும். உப்பும் தூசியும் படிந்த தடத்தை நன்னீரால் கழுவி, துணியால் துடைத்து, உலர்ந்த பிறகு சிலிக்கான் அல்லது டெஃப்லான் கலந்த உலர் மசகைத் தெளிக்க வேண்டும். கிரீஸ் வேண்டாம், அது தூசியைப் பிடித்துவைப்பதோடு பாயையும் கறைப்படுத்தும். பாயைத் தடத்தோடு இணைக்கும் ஸ்லைடுகளில் தேய்ந்தவற்றையும் விளிம்பு உடைந்தவற்றையும் மாற்றிவிடுங்கள். பாயை விறைப்பாக வைக்கும் குறுக்குப் பட்டைகளான பேட்டன்கள் முழுநீளத்துக்கும் உள்ள பாயில் சிக்கல் வேறு வகையானது: ஒவ்வொரு பேட்டனும் முன்னோக்கி அழுத்தி ஸ்லைடைத் தடத்தோடு இறுக்குகிறது. அங்கே எவ்வளவு மசகு தெளித்தாலும் ஓரளவுதான் பயன். பேட்டன் முனைகளில் உருளைகள் கொண்ட வண்டிகளைப் பொருத்துவது நல்ல தீர்வு, ஆனால் விலை அதிகம். பழைய தடத்தின் மேலேயே பொருத்தக்கூடிய, வழுக்கும் பிளாஸ்டிக்கால் ஆன தடம் பல படகுகளுக்குப் போதுமானது.

ஆஞ்சானை ஓட்டுநர் இருக்கைவரை கொண்டுவருவது வசதிதான். ஆனால் கயிறு திரும்பும் ஒவ்வொரு கப்பியும் உராய்வைக் கூட்டும். கப்பிக்குப் பொருந்தாத பருத்த கயிறும் அப்படியே. இரட்டைக் கப்பி முறையில் இழுக்க வேண்டிய விசை பாதியாகிறது. கயிற்றின் நீளமோ இரட்டிப்பாகிறது. அத்தனை கயிறும் ஓடித்தான் பாய் இறங்க வேண்டும் என்பதால், இக்கடலுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்குப் பதிலாகப் பாயின் தலைப்பலகையில் மெல்லிய கயிறு ஒன்றைக் கட்டி, பாய்மரத்தின் அடியில் உள்ள கப்பி வழியாகக் கொண்டுவந்தால், பாய் தயங்கும்போது இருந்த இடத்திலிருந்தே கீழே இழுக்கலாம். செலவு மிகக் குறைவு.

ஏற்றும்போது படகைக் காற்றுக்கு நேராகத் திருப்பி, பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் கட்டையான பூமை இழுத்துப் பிடிக்கும் கயிறு, அதைக் கீழே அழுத்தும் கிக்கர், பாயைச் சுருக்கும் கயிறுகள் ஆகிய அனைத்தையும் தளர்த்திவிட வேண்டும். இவற்றில் ஒன்று இறுகியிருந்தாலும் வின்ச் கனக்கும். அப்போது கைப்பிடியை மேலும் முறுக்காமல் தலை நிமிர்ந்து பார்ப்பதே சரி. இறக்கும்போது முதலில், பூமின் பின்முனையை மேலிருந்து தாங்கும் டாப்பிங் லிஃப்ட் கயிற்றை இறுக்குங்கள். இல்லையேல் பூம் தளத்தில் இருப்பவரின் தலைமேல் விழலாம். ஆஞ்சானின் மீதிக் கயிறு சிக்கின்றி ஓடும்படி முன்னரே பரப்பி வைத்திருக்க வேண்டும்.

விழும் பாயைப் பூமின் மேலேயே தாங்கிக்கொள்ள லேஸி ஜாக் கயிறுகள் உதவுகின்றன. பாய்மரத்தின் இருபுறமும் பாதி உயரத்துக்கு மேலிருந்து இறங்கி, கிளைகளாகப் பிரிந்து பூமில் இணையும் இக்கயிறுகளை வாங்காமல் நீங்களே கட்டிவிடலாம். ஏற்றும்போது பேட்டன் முனைகள் அவற்றில் மாட்டிக்கொள்வதுதான் பொதுவான குறை. அவற்றைத் தளர்த்தி, முன்னால் பாய்மரத்தோடு சேர்த்துக் கொக்கியில் மாட்டிவைக்கும்படி அமைத்தால் அத்தொல்லை இல்லை.

நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் உள்ள இவ்வூரின் வெயில் பாய்த்துணியையும், அதற்கு முன்பே தையல் நூலையும் அரித்துவிடுவதால், குறுகிய பயணத்துக்குப் பிறகும் உறை போடத் தவறக் கூடாது. நனைந்த பாயை உறைக்குள் நாள்கணக்கில் விட்டால் பூஞ்சை பிடிக்கும். காற்று மெல்லியதாக இருக்கும் பொழுதில், படகுத்துறையிலேயே பாதி உயரத்துக்கு ஏற்றி, படபடக்க விடாமல் உலர்த்திய பிறகே மடித்துக் கட்ட வேண்டும்.