மகளிர் இரட்டையர் டென்னிஸைத் தொழிலாக எடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

ஒற்றையரில் தோற்றவர்கள் மிச்ச வாரத்தை ஓட்டுவதற்கு ஆடும் ஆட்டம் என்றே இரட்டையரைப் பலர் இன்னும் நினைக்கிறார்கள். உண்மை வேறு. மகளிர் இரட்டையரில் நாற்பதை நெருங்கும் வரை முன்னணியில் இருக்கலாம். செக் நாட்டின் க்வேதா பெஷ்கே 2011 ஜூலையில் உலக முதலிடத்தைப் பிடித்தபோது அவருக்கு 36 வயது நிறையச் சில நாட்களே இருந்தன. 2023 விம்பிள்டன் கோப்பையை வென்ற ஷே சு-வெய், பார்போரா ஸ்ட்ரைத்சோவா இருவருக்குமே அப்போது 37. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குத் திட்டமிட வேண்டிய தொழில் இது. ஆனாலும் நூறாவது இடத்தைச் சுற்றியே சிக்கிக்கொண்டு, சில ஆண்டுகளில் களைத்து விலகும் நல்ல ஆட்டக்காரர்கள் நிறையப் பேர். கோளாறு பெரும்பாலும் வாலியிலோ (பந்து தரையில் படும் முன்பே அடிப்பது) சர்விலோ இருப்பதில்லை. எந்த வாரம், எந்தப் போட்டியில், யாரோடு ஆடுவது என்று எடுக்கும் முடிவில்தான் இருக்கிறது.

புள்ளிக் கணக்கு தெரியாமல் ஊர் ஊராகச் சுற்றுவது

டபிள்யூடிஏ (மகளிர் டென்னிஸ் சங்கம்) இரட்டையர் தரவரிசையில் கடந்த 52 வாரங்களில் கிடைத்த சிறந்த 12 முடிவுகளைத்தான் கூட்டுவார்கள். ஒற்றையருக்கு இது 18. எனவே பதின்மூன்றாவது போட்டியிலிருந்து, புதிதாக எடுக்கும் புள்ளி ஏற்கெனவே கணக்கில் உள்ள மிகக் குறைந்த முடிவைத் தாண்டினால்தான் பலன். உங்கள் பன்னிரண்டாவது முடிவு 54 புள்ளி என்றால், அதற்குக் குறைவாகக் கிடைப்பதெல்லாம் பயணச் செலவோடு சரி. வாராவாரம் எங்காவது ஆடிக்கொண்டே இருந்தால் தரவரிசை தானாக ஏறிவிடும் என்ற நம்பிக்கை இங்கேதான் உடைகிறது.

கோப்பைக்கு 250 புள்ளி தரும் டபிள்யூடிஏ போட்டியை 250 நிலை என்பார்கள். அதில் 16 ஜோடிகள் ஆடுகின்றன. முதல் சுற்றில் தோற்றால் 1 புள்ளி. ஒரே ஒரு ஆட்டம் வென்றால் 54, அரையிறுதிக்குப் போனால் 98. சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு (ஐடிஎஃப்) நடத்தும் கீழ்நிலைப் போட்டிகளில் ஒன்றான டபிள்யூ75இல் கோப்பையே வாங்கினாலும் 75 தான். அதற்காகச் சிறிய போட்டிகளை விட்டுவிட்டுப் பெரியவற்றுக்குத் தாவிவிடலாம் என்று அர்த்தமில்லை. தொடர்ந்து ஐந்தாறு முறை 1 புள்ளியோடு திரும்பினால், போன வருடப் புள்ளிகள் கழியக் கழியத் தரவரிசை சரியும். பிறகு அந்த 250 போட்டிகளுக்குள்ளேயே நுழைய முடியாது. இந்தப் பக்கத் தவறைவிட மறுபக்கத் தவறுதான் அதிகம் நடக்கிறது: டபிள்யூ35, டபிள்யூ50 கோப்பைகளைக் குவித்துக்கொண்டு, மேலே ஏற வேண்டிய நேரம் வந்த பிறகும் பழகிய ஊர்களை விட்டு நகராமல் இருப்பது.

ஆண்டுத் திட்டத்தை நான்கு கிராண்ட் ஸ்லாம்களிலிருந்து (ஆஸ்திரேலிய, பிரெஞ்சு, அமெரிக்க ஓபன்கள், விம்பிள்டன்) பின்னோக்கிப் போட வேண்டும். அங்கே 64 ஜோடிகள். முதல் சுற்றில் தோற்றால் 10 புள்ளி, ஒரு வெற்றிக்கு 130, இரண்டுக்கு 240. நான்கிலும் தலா ஒரு வெற்றி கிடைத்தால் 520 புள்ளி. இரண்டு 250 கோப்பைகளுக்கு மேலே வருகிறது. ஆனால் உள்ளே நுழைய வேண்டுமே. விண்ணப்பப் பட்டியல் மூடும் வாரத்துத் தரவரிசைதான் செல்லும். அதற்கு அடுத்த வாரம் கோப்பை வென்றாலும் அந்தப் பட்டியலுக்கு உதவாது. நாட்காட்டியில் போட்டித் தேதிகளைக் குறிப்பதோடு நிறுத்தாமல், பட்டியல் மூடும் தேதி, போன ஆண்டுப் புள்ளி கழியும் தேதி இரண்டையும் தனி நிறத்தில் குறித்து வைக்க வேண்டும்.

ஜோடி சேர்வதில் நடக்கும் பிழைகள்

நுழைவு ஜோடியின் கூட்டுத் தரவரிசையைப் பொறுத்தது. இருவர் எண்ணையும் கூட்டுவார்கள். தொகை குறைவாக இருக்கும் ஜோடி உள்ளே போகும். ஒருவர் தன் இரட்டையர் எண்ணுக்குப் பதிலாக ஒற்றையர் எண் சிறப்பாக இருந்தால் அதைக் காட்டலாம். உதாரணத்துக்கு, உள்ளே போக 200 வரை இடம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 120 என்றால் உங்கள் துணை 80க்குள் இருக்க வேண்டும். அவர் இரட்டையரில் 300ஆவது இடத்தில் இருந்தாலும், ஒற்றையரில் 60 என்றால் கவலையில்லை.

இந்த வசதியே ஒரு பொறி. ஒற்றையர் நட்சத்திரத்தோடு சேர்ந்தால் நுழைவு எளிது. ஆனால் அவர் ஒற்றையரில் அரையிறுதிக்குப் போய்விட்டால் முதலில் கைவிடுவது இரட்டையரைத்தான். டிரா (யார் யாரோடு மோதுவது என்ற பட்டியல்) வெளியான பிறகு வேறு துணையைச் சேர்த்துக்கொண்டு அதே இடத்தில் ஆட முடியாது. ஜோடி சேரும் முன்பே கேட்டுவிட வேண்டிய கேள்விகள் சில: எத்தனை வாரம் சேர்ந்து ஆடுவோம்? களிமண், புல்தரைப் பருவங்கள் இரண்டுக்குமா? ஒற்றையரில் நீ முன்னேறினால் என்ன செய்வாய்? பயிற்சியாளர் செலவைப் பங்கு போடுவோமா? "பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதிலோடு சேர்ந்த ஜோடிகள் புல்தரைப் பருவத்துக்கு முன்பே பிரிவதைப் பார்க்கலாம்.

வெல்லும் வாரத்தில் ஒட்டிக்கொள்வதும், இரண்டு முதல் சுற்றுத் தோல்விகளுக்குப் பிறகு துணையை மாற்றுவதும் இன்னொரு தவறு. யார் நடுப்பந்தை எடுப்பது, லாப் (தலைக்கு மேலே தூக்கி அடிக்கும் பந்து) வந்தால் யார் பின்னே ஓடுவது என்பதெல்லாம் கை பழகவே எட்டுப் பத்துப் போட்டிகளாவது ஆகும். பார்போரா கிரெய்ச்சிகோவா, கேத்தரினா சினியாகோவா இருவரும் சிறுவயதிலிருந்து பழகிய ஜோடி; சேர்ந்து ஏழு கிராண்ட் ஸ்லாம், டோக்கியோ ஒலிம்பிக் தங்கம். சினியாகோவா 2024இல் கடைசி நேரத்தில் கோகோ காஃபோடு சேர்ந்து பிரெஞ்சு ஓபனை வென்றாரே என்று கேட்கலாம். அவர் அதற்குள் எல்லா வகை இரட்டையர் அமைப்பும் அத்துப்படியான முன்னாள் முதலிட வீராங்கனை. தொடக்க நிலையில் இருப்பவர் அதை முன்மாதிரியாக எடுக்கக் கூடாது.

பிரிய வேண்டிய நேரத்தில் பிரியாமல் இழுப்பதும் உண்டு. சானியா மிர்சாவும் மார்ட்டினா ஹிங்கிஸும் தொடர்ந்து 41 ஆட்டங்கள் வென்றவர்கள். விம்பிள்டன் 2015, அமெரிக்க ஓபன் 2015, ஆஸ்திரேலிய ஓபன் 2016 மூன்றையும் சேர்ந்து எடுத்தார்கள். முடிவுகள் தளர்ந்ததும் 2016 ஆகஸ்டில் பிரிந்தார்கள். அந்த மாதமே சானியா ஸ்ட்ரைத்சோவாவோடு சின்சினாட்டி இறுதியில் ஹிங்கிஸ் ஜோடியை வென்றார். பிறகு ஆண்டு இறுதி சிங்கப்பூர் போட்டியில் சானியாவும் ஹிங்கிஸும் மீண்டும் சேர்ந்து ஆடவும் செய்தார்கள். பகையில்லாமல் பிரியத் தெரிந்தால் இப்படித் திரும்பவும் வழி இருக்கும். குறுஞ்செய்தியில் கழற்றிவிடுகிறவர்களுக்கு இந்தச் சிறிய வட்டத்தில் துணை கிடைப்பது கஷ்டம்.

களத்தில்: எண்ணிக்கை முறையை மதிக்காதது

டபிள்யூடிஏ போட்டிகளில் இரட்டையருக்கு அட்வான்டேஜ் கிடையாது. டியூஸ் (40-40) ஆனால் ஒரே புள்ளி; அதை வெல்லும் ஜோடிக்கே கேம். ரிட்டர்ன் செய்யும் ஜோடிதான் எந்தப் பக்கம் வாங்குவது என்று தேர்ந்தெடுக்கும். செட் 1-1 ஆனால் மூன்றாவது செட்டுக்குப் பதில் பத்துப் புள்ளி சூப்பர் டை-பிரேக். கிராண்ட் ஸ்லாமில் மூன்றாவது செட் முழுமையாக ஆட வேண்டும். ஒற்றையர் மனநிலையோடு "மெதுவாகச் சூடேறுவேன்" என்று தொடங்குபவர், சூப்பர் டை-பிரேக்கில் 0-4 என்று பின்தங்கிய பிறகுதான் விழித்துக்கொள்கிறார்.

அந்த ஒற்றைப் புள்ளியை எப்போதும் ஜோடியின் 'நல்ல ரிட்டர்ன்' ஆளே வாங்குவது வழக்கமாகிவிட்டால், எதிராளிக்குத் தயாராவது சுலபம். அன்றைக்கு அந்த சர்வர் எந்தப் பக்கம் முதல் சர்வைத் தவறவிடுகிறார் என்று எண்ணி வைத்து முடிவு செய்யுங்கள். சர்வ் செய்பவர் பக்கத்தில், அந்தப் புள்ளியில் வேகத்தைத் தேடுவது தவறு. உடம்பைக் குறிவைத்தோ நடுக்கோட்டை நோக்கியோ முதல் சர்வை உள்ளே விட்டால் போதும். நெட்டில் நிற்பவர் வேலையை முடிக்க வழி கிடைக்கும். சாரா எர்ரானியின் சர்வ் மிக மெதுவானது என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும் அவர் ஜாஸ்மின் பாவலினியோடு 2024 பாரிஸ் ஒலிம்பிக் தங்கத்தையும், 38 வயதில் 2025 பிரெஞ்சு ஓபனையும் வென்றார்.

பலர் கவனிக்காத விதி ஒன்று: ஒவ்வொரு செட் தொடக்கத்திலும் ஜோடிக்குள் சர்வ் வரிசையையும் ரிட்டர்ன் பக்கத்தையும் மாற்றிக்கொள்ளலாம். சூப்பர் டை-பிரேக் தொடங்கும்போதும் இதே உரிமை உண்டு. இரண்டாவது செட்டில் யார் கடைசியாக சர்வ் செய்தார் என்று பார்த்து அப்படியே தொடர்பவர்கள், அன்று நன்றாக சர்வ் செய்யும் ஆளை முதலில் அனுப்பும் வாய்ப்பை வீணடிக்கிறார்கள்.

இரட்டையர் மைதானம் 10.97 மீட்டர் அகலம். நெட் நடுவில் 91.4 சென்டிமீட்டர், கம்பத்தருகே 107. நடுவில்தான் நெட் தாழ்வு, அங்கேதான் இரு எதிராளிகளும் தயங்குவார்கள். ஆனாலும் தொடக்க நிலை ஜோடிகள் நெருக்கடியில் ஓரக் கோட்டை நோக்கி அடித்து வெளியே விடுகின்றன. வலக்கை ஆட்டக்காரர்கள் இருவர் என்றால் இடப்பக்கம் நிற்பவருக்கு நடுப்பந்து ஃபோர்ஹேண்டில் வரும். அவர் எடுப்பதாக முன்பே பேசிவைத்தால் பாதிக் குழப்பம் தீரும். நெட்டில் நிற்பவர் நெட்டுக்கு ஓரடியில் போய் ஒட்டிக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. அப்படி நின்றால் லாப் ஒன்று போதும், அந்தப் புள்ளி போய்விடும். தொடக்கத்தில் இரண்டு, இரண்டரை மீட்டர் தள்ளி நின்று, எதிராளி பந்தை அடிக்கும் கணத்தில் முன்னேற வேண்டும். அதற்கு முன்பே நகர்ந்தால் அவர் கண்ணில் பட்டு, திறந்த பக்கத்தில் அடித்துவிடுவார்.

உடம்பும் காத்திருப்பும்

இரட்டையர் ஆட்டங்கள் பெரும்பாலும் ஒற்றையர் முடிந்த பிறகுதான். மூன்று மணி என்று நினைத்தது இரவு எட்டு ஆகலாம். முந்தைய ஆட்டம் இரண்டாவது செட்டுக்குள் போகும்போதே உடலைச் சூடாக்கி முடித்துவிட்டு, பிறகு அது மூன்றாவது செட்டுக்கு நீண்டதும் குளிர்ந்த உடம்போடு களம் இறங்குவதுதான் வழக்கமான பிழை. இரண்டு கட்டமாகச் சூடாக்குங்கள். கனமான சாப்பாட்டை ஆட்டத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே முடித்துவிட்டு, வாழைப்பழம், சோறு மாதிரி எளியவற்றைக் கையில் வைத்திருங்கள்.

காயத்திலிருந்தோ பிரசவத்திலிருந்தோ திரும்புகிறவர்களுக்குச் சிறப்புத் தரவரிசை உண்டு. பழைய எண்ணைக் குறிப்பிட்ட எண்ணிக்கைப் போட்டிகளுக்கு மட்டும் பயன்படுத்தலாம். அதைச் சிறிய போட்டிகளில் செலவழித்துவிட்டு, கிராண்ட் ஸ்லாம் வரும்போது கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பவர்கள் உண்டு. 2021 அமெரிக்க ஓபன் அரையிறுதியில் முழங்கால் தசைநார் கிழிந்த பிரேசிலின் லூயிசா ஸ்டெஃபானி அவசரப்படவில்லை. ஓராண்டு கழித்து, 2022 செப்டம்பரில் சென்னை நுங்கம்பாக்கத்தில் அதே துணை காப்ரியேலா டப்ரோவ்ஸ்கியோடு 250 கோப்பையை வென்றார். சானியா 2020 ஜனவரியில் ஹோபார்ட்டில் நாதியா கிச்செனோக்கோடு வென்று திரும்பினாலும், அடுத்து வந்த ஆஸ்திரேலிய ஓபன் முதல் சுற்றிலேயே கெண்டைக்கால் காயத்தால் பாதியில் விலக நேர்ந்தது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு அடுத்தடுத்த வாரங்கள் எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம்.

பணமும் விதிகளும்

பரிசுத் தொகை ஜோடிக்கு. கையில் வருவது பாதி. 2024 விம்பிள்டன் ஒற்றையர் சாம்பியனுக்கு 27 லட்சம் பவுண்ட், மகளிர் இரட்டையர் ஜோடிக்கு 6.5 லட்சம். அமெரிக்காவில் வெளிநாட்டு வீரர்களின் பரிசில் 30 சதவீதம் வரை வரியாகப் பிடிக்கப்படலாம். அந்தத் தொகையை எண்ணியே அடுத்த மாதப் பயணச்சீட்டு எடுத்தால் சிக்கல். கலப்பு இரட்டையர் வருமானத்தை நம்பித் திட்டமிடுவதும் சரியில்லை: அதற்குத் தரவரிசைப் புள்ளி கிடையாது. 2025இல் அமெரிக்க ஓபன் அதை 16 ஜோடிகளாகச் சுருக்கி, பிரதான போட்டிக்கு முந்தைய வாரத்துக்கு நகர்த்தி, ஒற்றையர் நட்சத்திரங்களால் நிரப்பியது.

ஊக்கமருந்து விதிகளில் 'தெரியாமல் சாப்பிட்டேன்' என்பது முழுத் தற்காப்பு ஆகாது. ஸ்ட்ரைத்சோவாவே 2012இல் எடுத்த மாதிரியில் சிபுட்ரமின் என்ற எடை குறைக்கும் மருந்து இருந்ததற்காக ஆறு மாதத் தடை பெற்றவர். எடை குறைக்கும் மாத்திரைகள், ஜிம்மில் கொடுக்கும் பொடிகள் எதையும் குழு மருத்துவரிடம் காட்டாமல் தொடக் கூடாது. பரிசோதனைப் பட்டியலில் பெயர் வந்துவிட்டால் தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்பீர்கள் என்று பதிவிட வேண்டும்; 12 மாதத்தில் மூன்று முறை தவறினாலே குற்றம். கடைசி நேரத்தில் ஊர் மாறும்போது இந்தப் பதிவை மாற்ற மறப்பதுதான் சிக்கலின் தொடக்கம். சின்ன போட்டிகளில் செட்டை விட்டுக்கொடுக்கச் சொல்லி யாராவது செய்தி அனுப்பினால், மறுத்துவிட்டுச் சும்மா இருப்பதும் விதிமீறல். அந்தச் செய்தியை அழிக்காமல், உடனே சர்வதேச டென்னிஸ் நேர்மை முகமைக்குத் தெரிவிக்க வேண்டும்.