கடைசி இடத்து அணி திடீரென்று ஜெயிக்க ஆரம்பித்தால்: ஒரு பேஸ்பால் சீசனை முழுசாகப் பின்தொடர்வது எப்படி

2024-இல் டொரான்டோ புளூ ஜேஸ் 74 ஆட்டங்களில் ஜெயித்து 88-இல் தோற்றது. ஐந்து அணிகள் இருக்கும் தன் பிரிவில் கடைசி இடம். அடுத்த வருடமே 94 வெற்றி, பிரிவில் முதலிடம், 1993-க்குப் பிறகு முதல் தடவையாக வேர்ல்ட் சீரிஸ் என்னும் கோப்பைக்கான இறுதித் தொடர், அதிலும் ஏழாவது ஆட்டத்தில் வழக்கமான ஒன்பது இன்னிங்ஸைத் தாண்டி 11-ஆவது வரை போனார்கள் (இங்கே ஒரு இன்னிங்ஸ் என்றால் இரு அணிகளும் ஒவ்வொரு முறை பேட் பிடிப்பது). டொரான்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் கிரிக்கெட்டைத் தவிர வேறு எதையும் பேசாத வீடுகளில்கூட அந்த அக்டோபரில் நீலத் தொப்பி வந்துவிட்டது. அப்போது நிறையப் பேர் என்னிடம் கேட்டது, இதை எங்கே பிடித்துப் பார்க்க ஆரம்பிப்பது என்பதுதான். அக்டோபரில் ஆரம்பித்தாலும் சந்தோஷம்தான், ஆனால் ஏப்ரலிலிருந்து கூடவே வந்தவர்களுக்குக் கிடைத்தது வேறு. அதை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். டொரான்டோவை வைத்துத்தான் சொல்கிறேன், ஆனால் உங்கள் அணி எதுவானாலும் இது பொருந்தும்.

எல்லா ஆட்டத்தையும் பார்க்க வேண்டாம்

மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை ஓர் அணி 162 ஆட்டங்கள் ஆடுகிறது. கிட்டத்தட்ட தினமும். அருமையான அணியும் அறுபது ஆட்டங்களுக்கு மேல் தோற்கும், மோசமான அணியும் ஐம்பது, அறுபது ஜெயிக்கும். அதனால் ஒரு நாள் தோல்வியை வைத்து மனதை உடைத்துக்கொள்ள ஆரம்பித்தால் ஜூன் வரைகூடத் தாங்க மாட்டீர்கள். ஒரே எதிரணியோடு பெரும்பாலும் மூன்று ஆட்டங்கள் தொடர்ந்து ஆடுவார்கள், அந்த மூன்றையும் சேர்த்து ஒன்றாகப் பாருங்கள். மூன்றில் இரண்டு ஜெயித்தால் போதும், திருப்தியாகத் தூங்கலாம். சீசன் முழுக்க அப்படியே ஜெயித்தால் 108 வெற்றி வரும், அது பெரிய பெரிய அணிகளுக்கே அபூர்வம்.

நேரக் கணக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: வாரத்தில் ஒரு ஆட்டத்தை முதல் பந்திலிருந்து கடைசி வரை உட்கார்ந்து பாருங்கள், ஒன்றிரண்டை ரேடியோவில் கேளுங்கள், மிச்சத்தைக் காலையில் பத்து நிமிடத் தொகுப்பாகப் பார்த்தால் போதும். பந்து வீச நேரக் கெடு வைக்கும் விதி 2023-இல் வந்ததிலிருந்து ஒரு ஆட்டம் பெரும்பாலும் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது, அதனால் வேலைக்குப் போகிறவர்களாலும் இது முடியும். ரேடியோவை விட்டுவிடாதீர்கள் என்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பந்துக்குப் பந்து இடைவெளி இருக்கிற விளையாட்டு இது, சமைத்துக்கொண்டே, வண்டி ஓட்டிக்கொண்டே கேட்கலாம், ஒரு மாதம் கேட்டால் அணியில் யார் யார், எவருக்கு முழங்கால் வலி, எவர் போன வாரம் குழந்தை பிறந்து லீவில் போனார் என்பதெல்லாம் தானாகவே மனதில் ஏறிவிடும்.

பட்டியலைப் படிக்கிற விதம்

வெற்றி, தோல்வி, முதலிடத்துக்கு எத்தனை ஆட்டம் பின்னால் என்ற மூன்றும் எல்லாருக்கும் புரியும். அதற்குப் பக்கத்தில் இன்னொரு எண் இருக்கும்: அடித்த ஓட்டங்களிலிருந்து கொடுத்த ஓட்டங்களைக் கழித்தால் வருவது. எதிர்பாராமல் ஜெயிக்கிற அணியின் ரசிகர் தினமும் பார்க்க வேண்டியது அதைத்தான். தோராயமான கணக்கு என்னவென்றால் 81 வெற்றி என்பது சரிபாதி, அதற்கு மேல் ஒவ்வொரு பத்து ஓட்ட வித்தியாசத்துக்கும் ஒரு வெற்றி கூட்டிக்கொள்ளலாம். வித்தியாசம் ஐம்பது என்றால் 86 வெற்றிக்குத் தகுந்த அணி.

இதற்கு 2012 பால்டிமோர் ஓரியோல்ஸைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1998-இலிருந்து 2011 வரை 14 வருடங்கள் தொடர்ந்து, வெற்றியைவிடத் தோல்வி அதிகமாகவே சீசனை முடித்த அணி. 2011-இல் 69 வெற்றி, 93 தோல்வி. 2012-இல் அப்படியே திருப்பிப் போட்ட மாதிரி 93 வெற்றி, 69 தோல்வி! ஆனால் அவர்களுடைய ஓட்ட வித்தியாசம் வெறும் 7. கணக்குப்படி 82 ஆட்டங்கள்தான் ஜெயித்திருக்க வேண்டும். மிச்சம் எங்கிருந்து வந்தது? ஒரே ஓட்ட வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் 29 வெற்றி, 9 தோல்வி. ஒன்பது இன்னிங்ஸைத் தாண்டிப் போன ஆட்டங்களில் தொடர்ந்து 16 வெற்றி. அடுத்த வருடம் அதே அணி ஒரு ஓட்ட ஆட்டங்களில் 20 வெற்றி, 31 தோல்வி என்று போய் மொத்தம் 85-இல் நின்றது.

இதைக் காட்டி "எல்லாம் அதிர்ஷ்டம்" என்று சொல்கிறவர்கள் உங்களிடமும் வருவார்கள். அவர்களுடைய கணக்கு சரிதான், அடுத்த வருடத்தை ஊகிக்க அது உதவும். ஆனால் அந்த 93 வெற்றியை யாரும் திரும்பப் பிடுங்கவில்லை. 2012 மே 6-ஆம் தேதி பாஸ்டனில் 17 இன்னிங்ஸ் போன ஆட்டத்தில் பிட்சர்கள், அதாவது பந்து வீசுகிறவர்கள், தீர்ந்துபோய், அன்றைக்கு எட்டு முறை பேட் பிடித்து ஒரு ஹிட்கூட (பந்தை அடித்து அவுட் ஆகாமல் பேஸ் என்னும் ஓட்டப் பாதை நிலை ஒன்றைச் சேர்வது) அடிக்காத பேட்டர் கிறிஸ் டேவிஸைக் கூப்பிட்டுப் பந்து வீசச் சொன்னார்கள், அவர் இரண்டு இன்னிங்ஸ் வீசி ஓட்டமே கொடுக்காமல் ஜெயித்துக் கொடுத்தார். 14 வருடம் காத்திருந்த ஒருவருக்கு அந்த நாள் எவ்வளவு பெரியது என்று எந்த எண்ணும் சொல்லாது. எண்ணைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், சந்தோஷப்பட அதனிடம் அனுமதி கேட்காதீர்கள்.

புளூ ஜேஸின் 2025 வித்தியாசம் 77. அதாவது 89 வெற்றிக்குத் தகுந்த அணி 94 எடுத்தது. கொஞ்சம் அதிர்ஷ்டம், நிறைய உழைப்பு. அதே பிரிவில் இருக்கும் நியூயார்க் யாங்கீஸின் வித்தியாசம் அதைவிட மிகப் பெரியது, ஆனாலும் பட்டியலில் மேலே நின்றது டொரான்டோதான். எப்படி என்று கீழே வருகிறேன்.

எப்போது நம்ப ஆரம்பிக்கலாம்

ஏப்ரலில் நம்ப வேண்டாம், ஏப்ரலில் கைவிடவும் வேண்டாம். மே முடியும்போது சீசனில் மூன்றில் ஒரு பங்கு ஆகியிருக்கும், என் கணக்கில் அதுதான் முதல் சோதனை. 2025-இல் அந்தச் சோதனையில் டொரான்டோ தேறவில்லை. மே கடைசி வாரத்தில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம், யாங்கீஸ் வெகுதூரம் முன்னால். அந்த நேரத்தில் பட்டியலைவிட ஆட்டத்தின் சுபாவத்தைக் கவனிக்க வேண்டியிருந்தது: இந்த அணி ஸ்ட்ரைக்-அவுட் ஆவது, அதாவது பந்தை உள்ளே அடிக்காமலே அவுட் ஆவது, குறைந்துகொண்டே வந்தது, எப்படியாவது பந்தை மட்டையில் தொட்டு உள்ளே போட்டார்கள், பின்தங்கிய ஆட்டங்களைத் திரும்பத் திரும்பப் பிடித்தார்கள். சீசன் முடிவில் மொத்த லீக்கிலேயே அதிக பேட்டிங் சராசரி இவர்களுடையதுதான், .265, அதாவது ஆயிரம் முயற்சிக்கு 265 ஹிட். இப்படி ஒரு பழக்கம் அணியில் ஊறுகிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு வீரர் மூன்று வாரம் தொடர்ந்து வெளுத்துக்கட்டுவதால் மட்டும் ஜெயிக்கிற அணியில், அவர் ஓய்ந்ததும் எல்லாம் ஓய்ந்துவிடும்.

ஜூன் 30-இலிருந்து ஜூலை 3 வரை யாங்கீஸ் டொரான்டோவுக்கு வந்து நான்கு ஆட்டங்கள் ஆடினார்கள், நான்கிலும் தோற்றார்கள். ஜூலை 1, கனடா தினம், டொரான்டோவின் ஜார்ஜ் ஸ்பிரிங்கர் இரண்டு ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி, வேலியைத் தாண்டுகிற அடி) அடித்து 12-5 என்று முடித்தார், அதில் ஒன்று மூன்று பேஸிலும் ஆள் இருக்கும்போது அடிக்கிற கிராண்ட் ஸ்லாம். அந்தத் தொடர் முடியும்போது டொரான்டோ முதலிடம். இந்த மாதிரி ஒரு தொடர் உங்கள் அணிக்கு வருவது தெரிந்தால், அதாவது முதலிடத்து அணி உங்கள் ஊருக்கு வருகிறது, நீங்கள் மூன்று நான்கு ஆட்டம்தான் பின்னால் என்றால், அந்த வாரம் வேறு எதையும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். முடிந்தால் மைதானத்துக்குப் போங்கள். ஸ்கார்பரோவிலிருந்து கோ ரயிலில் யூனியன் நிலையம் வந்து, அங்கிருந்து நடந்தே புளூ ஜேஸின் மைதானமான ரோஜர்ஸ் சென்டருக்குப் போய்விடலாம். மேல்தளத்து 500 வரிசை இருக்கைகளில் மூன்றாவது பேஸ், முதல் பேஸ் பக்கங்களைவிட பேட் பிடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு நேர் பின்னால் கிடைத்தால் அதை எடுங்கள், பந்து வளைவது அங்கிருந்துதான் தெரியும்.

பெயர்ப் பட்டியலைக் கீழேயிருந்து படியுங்கள்

விளாடிமிர் குரேரோ ஜூனியரை எல்லாருக்கும் தெரியும், 2025 ஏப்ரலில் 14 வருடத்துக்கு 50 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டவர். எதிர்பாராத சீசனை எதிர்பாராததாக ஆக்குவது அவர் இல்லை. எர்னி கிளெமென்ட்டைப் பாருங்கள், கிளீவ்லாந்தும் ஓக்லாந்தும் வேண்டாமென்று விட்ட பிறகு டொரான்டோவுக்குச் சிறு லீக் (பெரிய லீக்குக்குக் கீழே இருக்கும் படிகள்) ஒப்பந்தத்தில் வந்தவர், அந்த அக்டோபரில் 30 ஹிட் அடித்தார், ஒரே போஸ்ட்சீசனில், அதாவது 162 ஆட்டங்களுக்குப் பின் வரும் கோப்பைச் சுற்றுகளில், வேறு யாரும் அவ்வளவு அடித்ததில்லை. எரிக் லாவர் 2024-இல் கொரியாவில் போய் வீசிக்கொண்டிருந்தவர். டிரே யெசவேஜ் அந்த ஏப்ரலில் சிறு லீக்குகளின் கீழ்ப்படிகளில் ஒன்றில் இருந்தார், செப்டம்பர் நடுவில்தான் முதல் முறையாகப் பெரிய லீக்கில் வீசினார், அக்டோபர் கடைசியில் வேர்ல்ட் சீரிஸ் ஆட்டம் ஒன்றில் எதிரணியான லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸை 12 ஸ்ட்ரைக்-அவுட் செய்தார். அப்போது அவருக்கு வயது 22.

இவர்களை அக்டோபரில் தெரிந்துகொண்டால் செய்தி, மே மாதத்திலேயே தெரிந்து வைத்திருந்தால் சொந்தக்காரர் மாதிரி. அதனால் ஒவ்வொரு மாதமும் அணியில் புதிதாக வந்த இரண்டு பெயர்களை எடுத்து, எங்கிருந்து வந்தார், எந்த அணி விட்டது என்று மட்டும் படியுங்கள். ஜூலை கடைசியை ஒட்டி வீரர் பரிமாற்றக் கெடு வரும், அப்போது இந்த வேலை இன்னும் முக்கியம். நிர்வாகமும் உங்களைப் போலவே நம்புகிறதா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும்.

செப்டம்பர்

இங்கே இன்னொரு அணியின் ஆட்டத்தையும் பார்க்கப் பழக வேண்டும். சமமாக முடிந்தால் முன்பெல்லாம் 163-ஆவது ஆட்டம் வைப்பார்கள், 2022-இலிருந்து அது இல்லை, இரண்டு அணிகளும் தங்களுக்குள் ஆடியதில் யார் அதிகம் ஜெயித்தாரோ அவருக்கே இடம். 2025 கடைசி நாளில் டொரான்டோவும் யாங்கீஸும் இருவருமே 94-68. தங்களுக்குள் ஆடிய 13 ஆட்டங்களில் டொரான்டோ 8, யாங்கீஸ் 5. அந்த எட்டில் நான்கு, ஜூலை முதல் வாரத்தில் பார்த்த அதே நான்கு. முதலிடம் கிடைத்ததால் முதல் சுற்று ஆடாமல் நேரே ஐந்து ஆட்டத் தொடருக்குப் போனார்கள். போட்டி அணியோடு உங்கள் நேரடிக் கணக்கு என்ன என்பதை ஆகஸ்டிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர்

தூக்கத்தைப் பற்றி முன்பே யோசியுங்கள். வேர்ல்ட் சீரிஸ் மூன்றாவது ஆட்டம் லாஸ் ஏஞ்சலிஸில் 18 இன்னிங்ஸ், ஆறரை மணி நேரத்துக்கு மேல் போய், டொரான்டோ நேரத்தில் விடியற்காலை மூன்று மணியை ஒட்டி டாட்ஜர்ஸின் ஃபிரெடி ஃப்ரீமன் அடித்த ஹோம் ரன்னில் முடிந்தது. அடுத்த நாளும் ஆட்டம். அதில் டொரான்டோ 6-2 என்று ஜெயித்தது. மேற்குக் கரை ஆட்டம் என்றால் அடுத்த நாள் காலை வேலையை முன்கூட்டியே தள்ளிவைப்பது நல்லது.

தனியாகப் பார்க்காதீர்கள். ஆறு மாதம் ரேடியோவில் தனியாகக் கேட்டிருந்தாலும் அக்டோபரில் நாலு பேர் வேண்டும். வேர்ல்ட் சீரிஸுக்கு முந்தைய தொடரில் சியாட்டிலோடு ஆடிய ஏழாவது ஆட்டத்தில் ஏழாவது இன்னிங்ஸில் 3-1 என்று பின்தங்கியிருந்தபோது ஸ்பிரிங்கர் மூன்று ஓட்ட ஹோம் ரன் அடித்தார், அதற்குக் கட்டிப்பிடிக்கப் பக்கத்தில் ஆள் இல்லாமல் இருக்கக் கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு ஆட்டத்தின் நடுவே எல்லா விதியையும் விளக்க வேண்டாம். எத்தனை பேர் அவுட், பேஸில் யார் யார், பந்து வீசுகிறவர் களைத்துவிட்டாரா, இந்த மூன்றைச் சொன்னால் அவர்களும் உங்களோடு கத்துவார்கள்.

அப்புறம் தோல்வி. பெரும்பாலான நல்ல சீசன்கள் அதில்தான் முடியும். நவம்பர் 1-ஆம் தேதி வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸின் மிகேல் ரோஹாஸ் ஹோம் ரன் அடித்துச் சமன் செய்தார். அதே இன்னிங்ஸில் டொரான்டோவுக்கு எல்லா பேஸிலும் ஆள், ஒரு ஓட்டம் எடுத்தால் கோப்பை, ஹோம் பிளேட்டில் மயிரிழையில் அவுட். 11-ஆவதில் டாட்ஜர்ஸின் வில் ஸ்மித் ஹோம் ரன், 5-4, கோப்பை அவர்களுக்கு. நான் சொல்வது, அன்று ராத்திரி எதையும் படிக்காதீர்கள், யார் தப்பு என்று தேடாதீர்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து அந்த ஆட்டத்தை முழுசாகத் திரும்பப் பாருங்கள். டொரான்டோவின் போ பிஷெட் முழங்கால் காயத்தோடு வந்து டாட்ஜர்ஸ் நட்சத்திரம் ஓடானியின் பந்தை மூன்று ஓட்டத்துக்கு வெளியே அனுப்பியது, 41 வயதில் டொரான்டோவின் மாக்ஸ் ஷெர்சர் ஆட்டத்தைத் தொடங்கி வீசியது எல்லாம் அப்போதுதான் கண்ணில் நிற்கும்.

டிசம்பரில் யார் யார் அணியை விட்டுப் போகிறார்கள் என்று தெரியும், அது கொஞ்சம் வலிக்கும். பிப்ரவரி நடுவில் ஃபுளோரிடாவின் டனீடனில் பிட்சர்களும் கேட்சர்களும் பயிற்சிக்கு வந்துவிடுவார்கள். அந்த வாரம் புதுப் பெயர்ப் பட்டியலை எடுத்துக் கீழேயிருந்து படியுங்கள், ஏப்ரல் மாதத்து வார நாள் ஆட்டம் ஒன்றுக்கு டிக்கெட் எடுங்கள், கூட்டமும் குறைவு, விலையும் குறைவு.